ஒரு வாசலுக்கு இரண்டு காவல்காரரா?

குன்னத்தூரில் பனியன் தைத்துக் கொடுக்கும் நண்பர் வீட்டுக் கம்ப்யூட்டரில் பில் போடும் புரோகிராம் ஏற மறுத்தது. பார்த்தால், உள்ளே இரண்டு ஆன்டிவைரஸ்கள்! ஒன்று தொட்ட கோப்பை மற்றொன்றும் பிடித்துச் சோதிக்கிறது. வேலை எப்படி நடக்கும்? விண்டோஸின் சொந்தக் காவலான டிஃபெண்டர்கூட, வேறு ஆன்டிவைரஸ் வந்தால் ஒதுங்கிக்கொள்கிறது. ஒன்றை அடியோடு நீக்கி, கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டோம். புரோகிராம் ஏறியது.

காவல்காரனும் தவறுவதுண்டு. 2010 ஏப்ரல் 21-இல் மெக்காஃபி, விண்டோஸ் எக்ஸ்பியின் சொந்தக் கோப்பையே வைரஸ் என்று பிடிக்க, உலகெங்கும் கம்ப்யூட்டர்கள் முடங்கின. அதற்காகக் காவலையே விரட்டுவதா?

பக்கத்து வீட்டுப் பையன் சொன்னான்: "அண்ணா, காசில்லாத திருட்டுப் புரோகிராம் இருக்கிறது. ஆன்டிவைரஸை நிறுத்தினால்தான் ஏறும்."

ஏன் நிறுத்தச் சொல்கிறார்கள் என்று யோசித்தானா? தையற்காரர்களின் ஆறு மாதக் கூலிக் கணக்கு அந்தப் பெட்டிக்குள் இருக்கிறது, ஐயா!