பாசி யாருக்கு? பசி யாருக்கு?

சிராங்கூன் சாலைக் கடைகளில் அகர்-அகர் வாங்கியறியாத வீடு நம்மவரிடையே அரிது. மலாய்மொழி தந்த அப்பெயரையே உலகமும் வழங்குகின்றது. தமிழ் முஸ்லிம்கள் அதனையே கடற்பாசி என்பர். ஆனால் கடலடியில் பாசி பறிக்கும் கை யாருடையது என்று நம்மில் எத்தனை பேர் கேட்டிருக்கின்றோம்?

இராமநாதபுரக் கடற்கரையில் அது பெரும்பாலும் பெண்ணின் கை. பாம்பன், சின்னப்பாலம் முதலிய ஊர்ப் பெண்கள் விரல்களில் துணி சுற்றிக்கொண்டு, மூச்சடக்கி மூழ்கி, பாறையில் படர்ந்த மரிக்கொழுந்துப் பாசியைப் பறிக்கின்றனர். பெண்ணுக்குக் கரையே போதும் என்னும் வைதிகர் இக்காட்சியைக் கண்டதில்லை போலும்!

1986-இல் மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் தேசியப் பூங்காவாயின. தலைமுறையாகப் பறித்த இடம் தடைக்குள்ளாயிற்று. பவளத்தைக் காக்க வேண்டுமென்பதை நாம் மறுக்கவில்லை. ஆயினும் அப்பெண்களே ஒன்றுகூடி, மாதத்தில் 12 நாளே பறிப்பதென வரையறுத்துக் கொண்டனரே! அவர்களுள் ஒருவரான சின்னப்பாலம் லட்சுமி மூர்த்திக்கு 2015-இல் அமெரிக்காவின் ஸீகாலஜி பரிசு கிடைத்தது. அயலார் கண்ட அறிவை நம்மவர் காணாதது ஏன்?

"பறிப்பதை விடுத்துப் பயிரிடுக" என்றனர் அறிஞர். 2000-ஐ ஒட்டிப் பெப்சி நிறுவனம் முன்வர, மூங்கில் மிதவைகளில் கப்பாபைகஸ் என்னும் அயற்பாசி வளர்ந்தது. 45 நாளில் அறுவடை. பற்பசைக்கும் ஐஸ்கிரீமுக்கும் வேண்டிய சரக்கு. மகளிர் குழுக்களில் காசு புழங்கியது; அதனை நாம் வரவேற்கின்றோம். ஆனால் கடல் சூடேறியது. 2013-ஐ ஒட்டிப் பாசி மிதவையிலேயே பெருமளவில் அழிந்தது. 2016-இல் வெப்பம் வளைகுடாவின் பவளத்தையும் வெளிறச் செய்தது. அயற்பாசியோ குருசடைத் தீவின் பவளத்தின் மீதும் படர்ந்தது.

இங்கேதான் நமது வழக்கு. கடலைச் சூடாக்கிய புகை அப்பெண்களின் அடுப்பில் எழுந்ததன்று. ஆலைகளில் எழுந்தது, உலகக் கப்பல்களுக்கு எண்ணெய் ஊட்டும் நமது சிங்கப்பூர் போன்ற துறைமுகங்களின் வாணிபத்தில் எழுந்தது. நட்டம் மட்டும் அவளுக்கா? 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை வீழ்ந்தபோது, தோட்டத் தமிழரைக் கப்பலேற்றித் திருப்பியனுப்பினர். இலாபம் வந்தால் முதலாளிக்கு, நட்டம் வந்தால் கூலிக்கு என்னும் அந்த நீதியை மறந்துவிட்டோமா? அதே நீதி இன்று மூங்கில் மிதவையேறி வருகின்றது!

2023-இல் வளமாவூரில் பாசிப் பூங்காவுக்கு அடிக்கல் நாட்டினர். கல் நாட்டுதல் எளிது. உரிமை நாட்டுதலே அரிது. நாம் கேட்பன நான்கு: மீனவர் என்னும் அடையாளம் அவள் பெயரிலேயே வேண்டும். விலை பேசும் மேசையில் அவள் சங்கத்துக்கு இடம் வேண்டும். வெப்பத்தால் அழியும் பயிருக்குக் காப்பீடு வேண்டும். எப்பாசியை எங்கே வளர்ப்பதென்று முடிவு செய்யுமுன் அவளைக் கேட்க வேண்டும்.

இவை கருணையன்று, கூலிக்குரிய நியாயம். இவற்றைத் தராமல் "பெண்கள் முன்னேற்றம்" என்று மேடையில் முழங்குவது வெறும் பித்தலாட்டமே. தோட்டத்திலும் நகரத்திலும் உழைத்து உயர்ந்த தமிழர்களே, இக்கேள்வியை நீங்கள் எழுப்பாமல் வேறு யார் எழுப்புவர்?