பிள்ளை பங்குச் சொத்தல்ல

பிரிந்து வாழ முடிவெடுக்கும் பெற்றோரிடையே, ரொறன்ரோவின் வடமேற்கு மூலையில் உள்ள ரெக்ஸ்டேலிலும் தமிழர் செறிந்து வாழும் ஸ்காபுரோவிலும், ஒரு நம்பிக்கை வேரூன்றிக் கிடக்கிறது: கனடாவில் பிள்ளை தாய்க்கும் தந்தைக்கும் சரிபாதி உரியது, ஆகவே வாரத்தின் நாள்களைச் சமமாகப் பிரித்துவிட்டால் நீதி கிடைத்துவிடும் என்பதே அது. உறவினர்கள் இதை நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள். ஆயினும் இந்த நம்பிக்கை சட்டப்படி பிழையானது. அதைவிடப் பெரிய கேடு, யாருக்காகச் சட்டம் இயற்றப்பட்டதோ அந்தப் பிள்ளையையே அது கணக்கிலிருந்து நீக்கிவிடுகிறது.

2021 மார்ச் 1 முதல் நடைமுறையில் உள்ள கூட்டாட்சி விவாகரத்துச் சட்டத் திருத்தம், பிள்ளை எப்போது எவருடைய பொறுப்பில் இருக்கும் என்பதைப் ‘பெற்றோர் நேரம்’ என்றும், கல்வி, மருத்துவம், சமயம் ஆகியவற்றில் எவர் தீர்மானிப்பது என்பதை ‘முடிவெடுக்கும் பொறுப்பு’ என்றும் தனித்தனியே வகுத்து, இரண்டுக்கும் பிள்ளையின் நலன் ஒன்றையே அளவுகோலாக்கியது. அந்த நலனிலும் உடல், உள, உணர்வுப் பாதுகாப்புக்கே முதலிடம் தந்தது. திருமணப் பதிவின்றி வாழ்ந்து பிரிந்தோருக்கும் பொருந்தும் ஒன்ராறியோவின் சட்டமும் அதே நாளில் அவ்வாறே திருத்தப்பட்டது. இரண்டிலும் சரிபாதி என்ற அனுமானம் இல்லை. அதைச் சட்டமாக்க முயன்ற சி-560 என்ற தனிநபர் மசோதாவை நாடாளுமன்றம் 2014இல் தோற்கடித்தது. இரு பெற்றோருடனும் இயன்றவரை நேரம் கிடைக்க வேண்டும் என்ற விதி உண்டு என்பது உண்மையே. ஆனால் அது பிள்ளையின் நலனுக்கு உட்பட்டது என்பதை 2022இல் பாரென்ட்ரெக்ட் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஐயத்துக்கு இடமின்றி உறுதிசெய்தது. அவுஸ்திரேலியாவின் அனுபவமும் இங்கே நோக்கத்தக்கது: 2006இல் அந்நாடு கொண்டுவந்த ‘சமமான பெற்றோர் பொறுப்பு’ என்ற அனுமானத்தைப் பலர் சம நேரத்துக்கான உரிமையாகவே புரிந்துகொண்டனர், 2024 மே மாதத்தில் அந்த அனுமானமே சட்டத்திலிருந்து நீங்கியது.

சரிபாதி என்பது நவீனச் சமத்துவம்போலத் தோன்றினாலும், அதன் அடியில் இருப்பது பழைய உடைமை எண்ணமே. இலங்கையின் ரோமன்-டச்சுச் சட்டம் தந்தைக்கு முன்னுரிமை தந்தது. இந்தியாவின் 1956ஆம் ஆண்டு இந்து இளவர் மற்றும் காப்பாளர் சட்டம் தந்தையை முதலிலும் தாயை அவருக்குப் பின்னும் இயற்கைக் காப்பாளராக வைத்தது. அன்று ஒருவருக்கு உரியதாயிருந்த பிள்ளை இன்று இருவருக்குப் பங்காகிறது. தன் வாழ்வுக்குத் தானே உரிமையுடைய ஓர் ஆளாக அது இன்னும் எண்ணப்படவில்லை.

சரிபாதி நடைமுறையில் எப்படி இருக்கும் என்பதை ரெக்ஸ்டேலில் வைத்துப் பார்க்கலாம். தாய் கிப்ளிங்-ஃபின்ச் சந்திப்பை அண்டிய அடுக்குமாடியிலும், தந்தை ஸ்காபுரோவின் மால்வேர்னிலும் குடியிருந்தால், நடுவில் நெடுஞ்சாலை 401 வழியே ஏறக்குறைய 30 கிலோமீற்றர் கிடக்கிறது. ரெக்ஸ்டேல் பள்ளியில் மூன்றாம் வகுப்புப் படிக்கும் பிள்ளை, தந்தையின் வாரத்தில் இருட்டோடு எழுந்து காலை நெரிசலில் பயணம் செய்ய வேண்டும்; தாயின் வாரத்தில், பியர்சன் விமான நிலையத்தை ஒட்டிய கிடங்குகளில் அவருக்கு இரவு வேலை விழுந்தால், பக்கத்து வீட்டில் உறங்க வேண்டும். ஆஸ்துமா பம்ப் ஒரு வீட்டிலும் வீட்டுப்பாடம் இன்னொரு வீட்டிலும் தங்கிப்போகும். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பு ஒரு வாரம் கிடைத்து மறுவாரம் விடுபடும். பெற்றோர் இருவரும் நடக்கும் தூரத்தில் குடியிருந்து, ஒருவரோடொருவர் பேசிக்கொள்ளவும் முடிந்தால் இதே ஏற்பாடு பிள்ளைக்கு நன்மையே செய்யக்கூடும். அங்கும் பிள்ளைக்கு உதவுவது அந்த அருகாமையும் இணக்கமுமே, எண்ணிக்கை அன்று. வீட்டில் வன்முறை நிகழ்ந்திருந்தாலோ, ஒவ்வொரு கைமாற்றமும் அச்சத்தின் நேரமாகிவிடும்.

இந்த நம்பிக்கைக்குப் பணமும் உரமிடுகிறது என்பதை வெளிப்படையாகவே சொல்ல வேண்டும். பிள்ளைப் பராமரிப்புத் தொகைக்கான வழிகாட்டு விதிகளின் 9ஆம் பிரிவின்படி, பெற்றோர் ஒவ்வொருவரிடமும் பிள்ளை ஆண்டில் குறைந்தது 40 விழுக்காடு, அதாவது 146 நாள்கள், இருந்தால் தொகை வேறு முறையில் கணக்கிடப்படும். அந்த எல்லையைத் தொட்டுவிட்டால் தொகை தானாகவே குறையும் என்று நம்பி நாள்களை எண்ணுவோர் உண்டு. அப்படித் தானாகக் குறையாது என்று 2005இல் கொன்டினோ வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பராமரிப்புத் தொகை பிள்ளையின் உரிமை. அதைப் பெற்றோர் பேரம் பேசித் தள்ளுபடி செய்ய இயலாது.

கனடா 1991இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சிறுவர் உரிமைச் சாசனத்தின் 12ஆம் உறுப்புரை, தன்னைப் பாதிக்கும் விடயங்களில் கருத்துச் சொல்லும் உரிமையைப் பிள்ளைக்கு வழங்குகிறது. விவாகரத்துச் சட்டமும் வயதுக்கும் முதிர்ச்சிக்கும் ஏற்ப அக்கருத்துக்கு மதிப்பளிக்கப் பணிக்கிறது. ஒன்ராறியோவில் நீதிமன்றம் கேட்டுக்கொண்டால், சிறுவர் வழக்கறிஞர் அலுவலகம் வழக்கை ஏற்றுப் பிள்ளைக்குத் தனி வழக்கறிஞரை அமர்த்தலாம். பிரிவுப் பேச்சில் நடுவர்களாக அமரும் மாமன்மாரும் சித்தப்பாமாரும், யாருக்கு எத்தனை நாள் என்று கேட்பதற்கு முன், பிள்ளை எங்கே உறங்கும், எந்தப் பள்ளிக்குப் போகும், யாரிடம் அஞ்சாமல் இருக்கும் என்று கேட்க வேண்டும். ஒப்பந்தத்தில் பெற்றோர் கையொப்பமிடுவது அதற்குப் பிறகே நடக்க வேண்டும்.