பிள்ளையார் சந்தா கேட்பதில்லை

உடம்பைக் குறைக்கணும் என்று முடிவெடுத்ததும் டில்லியில் நம்மாட்கள் முதலில் செய்வது என்ன? ஜிம்முக்கு ஒரு வருடச் சந்தா, ஒரு பாக்கெட் கினோவா. எதுக்குங்க இதெல்லாம்? சந்தா ரசீதைப் பார்த்துச் சர்க்கரை வியாதி ஓடிவிடாது.

இந்தியா கேட்டுத்தான் ஐ.நா. 2023-ஐச் சிறுதானிய ஆண்டாக அறிவித்தது. இங்கே தெருமுனைக் கடையில் 'பாஜ்ரா' என்று கேளுங்கள், நம்ம கம்பு வரும். சாதத்தைப் பாதியாக்கி, பொரியலை இரண்டு மடங்காக்குங்கள்.

உலக சுகாதார நிறுவனம் சொல்வது வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிடம். தினம் 22 நிமிட வேக நடை, அவ்வளவுதான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். லோதி தோட்டத்தில் நுழைவுக் கட்டணமே கிடையாது.

ஒன்று மட்டும்: நவம்பர் முதல் ஜனவரி வரை விடியற்காலையில் வேண்டாம். குளிரில் புகை தரையோடு தங்கிவிடும். மதியம் கொஞ்சம் தேவலை. காற்று ரொம்ப மோசமா? வீட்டுக்குள்ளேயே தோப்புக்கரணம் போடுங்கள். பிள்ளையார் சந்தா கேட்பதில்லை.