குளியலறையில் ஓர் அரசாங்கம்

“எல்லாரும்தான் எடுத்துட்டுப் போறாங்க.” அமெரிக்காவின் ரகசிய ஆவண விவகாரங்களைப் பற்றிப் பேசும்போது நண்பர்கள் கடைசியில் வந்து நிற்கும் இடம் இதுதான். டிரம்ப் எடுத்தார், பைடன் எடுத்தார், பென்ஸ் எடுத்தார், ஹிலாரி வீட்டில் சொந்த சர்வர் வைத்திருந்தார். ஆகவே கணக்கு சரியாப் போச்சு, வேற பேசலாம். இந்த வாக்கியத்தை நான் நிறைய தடவை கேட்டுவிட்டேன். அதில் வரும் ‘எல்லாரும்’ என்ற சொல்லில்தான் மோசடி இருக்கிறது.

முதலில் நடந்ததைப் பார்ப்போம். 2021 ஜனவரியில் பதவி முடிந்து போன டிரம்ப்பிடமிருந்து தேசிய ஆவணக் காப்பகம் ஒரு வருடம் கேட்டுக் கேட்டு 15 பெட்டிகளை வாங்கியது. உள்ளே ரகசிய முத்திரையோடு 197 ஆவணங்கள். 2022 மே மாதம் சம்மன் போனது. ஜூனில் 38 ஆவணங்களைக் கொடுத்து, நன்றாகத் தேடிவிட்டோம், இவ்வளவுதான் என்று அவர் தரப்பு எழுதியும் கொடுத்தது. ஆகஸ்ட் 8-ஆம் தேதி எஃப்பிஐ மார்-அ-லாகோவுக்குள் போனபோது இன்னும் 102 கிடைத்தன. குற்றப்பத்திரிகையில் படங்களும் இருந்தன. ஒன்றில் கழிப்பறைத் தொட்டிக்குப் பக்கத்தில் அட்டைப்பெட்டிகள் அடுக்கியிருக்கின்றன, மேலே சரவிளக்கு தொங்குகிறது. வழக்கறிஞர் தேட வருவதற்கு முன்பே பெட்டிகள் இடம் மாற்றப்பட்டன என்கிறது அந்தக் குற்றப்பத்திரிகை.

பைடன் கதை வேறு. துணை அதிபராக இருந்த காலத்துத் தாள்கள் அவருடைய வாஷிங்டன் அலுவலகத்திலும், டெலவேர் வீட்டில் கார் நிற்கும் கராஜிலும் கிடைத்தன. அவருடைய ஆட்களே கண்டுபிடித்துத் தகவல் சொன்னார்கள், தேடச் சம்மதித்தார்கள். பென்ஸும் அப்படித்தான். இந்த வித்தியாசம் முக்கியமானது. பைடனை விசாரித்த சிறப்பு வழக்கறிஞர் ராபர்ட் ஹர் குடியரசுக் கட்சிக்காரர். அவரே தன் அறிக்கையில் இந்த வித்தியாசத்தை எழுதிவைத்தார். தெரியாமல் வீட்டுக்கு வந்த பொருளைத் திருப்பிக் கொடுப்பதும், கேட்ட பிறகும் ஒளித்துவைத்ததாகக் குற்றம் சாட்டப்படுவதும் ஒன்றில்லை. இரண்டையும் ஒரே தராசுத் தட்டில் போடுகிறவர் நடுநிலைவாதி இல்லை, சோம்பேறி.

ஆனால் அதே ஹர் அறிக்கையில் இன்னொரு விஷயமும் உண்டு. பைடன் தன் கைப்பட எழுதிய நோட்டுப் புத்தகங்களில் ரகசியத் தகவல்கள் இருந்தன. அவை என் சொந்த உடைமை என்றார் அவர். முன்னுதாரணமும் கைவசம் இருந்தது. ரீகன் தன் நாட்குறிப்புகளை வீட்டுக்குக் கொண்டுபோனார், யாரும் தடுக்கவில்லை. டிரம்ப்பும் என் பெட்டிகள் என்றுதான் சொன்னார். ஒருவர் மரியாதையாகச் சொன்னார், ஒருவர் கத்திச் சொன்னார். நாற்காலியோடு வந்த தாள் நாற்காலியோடு நிற்க வேண்டும் என்பது இருவருக்குமே முழுசாக உறைக்கவில்லை. இத்தனைக்கும் நிக்ஸன் அடித்த கூத்துக்குப் பிறகு, அதிபரின் ஆவணங்கள் நாட்டுக்குச் சொந்தம் என்று 1978-இலேயே சட்டம் போட்டாகிவிட்டது.

நான் பிழைப்புக்கு சாஃப்ட்வேர் எழுதுகிறவன். எங்கள் தொழிலில் பாலபாடம் ஒன்று உண்டு. ஒருவருக்கு வேலைக்குத் தேவையான அனுமதி மட்டும் கொடு, எதைத் தொட்டாலும் லாகில் பதிவாகட்டும், விலகும் நாளில் எல்லாவற்றையும் பிடுங்கிவிடு. நோட்டீஸ் பீரியட் முடியும் மாலையில் லேப்டாப்பைக் கொடுக்காமல் கேட்டைத் தாண்ட முடியாது. சார்ஜர் குறைந்தால்கூட ஃபைனல் செட்டில்மெண்ட்டில் கழித்துக்கொள்வார்கள். அமெரிக்க அரசு அமைப்பில் இந்தப் பாடம் கீழே இருப்பவர்களுக்கு மட்டும்தான். அதிபருக்கும் துணை அதிபருக்கும் பாதுகாப்புச் சோதனை கிடையாது. வாக்குப்பெட்டிதான் அவர்களுக்கு பாஸ்வேர்டு. மனதில் நினைத்தாலே ரகசியம் நீங்கிவிடும் என்று டிரம்ப் தொலைக்காட்சியில் சொன்னதை எல்லோரும் ஜோக்காக எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அதில், லாகே இல்லாத ரூட் யூசரின் மனநிலை அப்பட்டமாகத் தெரிந்தது.

கீழே என்ன நடக்கிறது? ரியாலிட்டி வின்னர் என்ற இளம்பெண் ஒப்பந்த ஊழியர். 2016 தேர்தலில் ரஷ்யத் தலையீடு பற்றிய ஒரே ஒரு அறிக்கையைப் பத்திரிகைக்கு அனுப்பினார். அந்தக் கோப்பை யார் பிரிண்ட் எடுத்தார்கள் என்று லாகைப் பார்த்தார்கள். 6 பேர். அதில் ஒருவர் அலுவலகக் கணினியிலிருந்து அந்தப் பத்திரிகைக்கு மெயில் அனுப்பியிருந்தார். கதை முடிந்தது. 5 வருடம் 3 மாதம் சிறை.

அவராவது வெளியே கொடுத்தார். என்எஸ்ஏ-வில் வேலை பார்த்த அறுபது வயதைக் கடந்த ஒரு டெவலப்பர் யாருக்கும் எதையும் கொடுக்கவில்லை. வருடாந்திர மதிப்பீட்டில் பின்தங்கியதால், வீட்டில் உட்கார்ந்து கூடுதலாக உழைக்க எடுத்துப்போனேன் என்றார். அப்ரைசல் பயத்தில் வேலையை வீட்டுக்குத் தூக்கிப் போகும் ஆள் நம் ஒவ்வொரு டீமிலும் உண்டு, இல்லையா? 2018-இல் அவருக்கு ஐந்தரை வருடம் போட்டார்கள். எஃப்பிஐ-யிலேயே வேலை பார்த்த ஓர் ஆய்வாளர் நூற்றுக்கணக்கான ஆவணங்களை வீட்டில் வைத்திருந்தார். 2023 ஜூனில் 3 வருடம் 10 மாதம். டிரம்ப் மீது குற்றப்பத்திரிகை தாக்கலானதும் அதே மாதம்தான்.

இப்போது மேல்மாடிக்கு வாருங்கள். சிஐஏ தலைவராக இருந்த பெட்ரேயஸ், உச்ச ரகசியங்கள் எழுதிய 8 நோட்டுகளைத் தன் காதலியிடம் கொடுத்தார். எஃப்பிஐ-யிடம் பொய்யும் சொன்னார். தண்டனை: 2 வருடம் நன்னடத்தைக் கண்காணிப்பு, 1 லட்சம் டாலர் அபராதம். கிளின்டனின் பாதுகாப்பு ஆலோசகராக இருந்த சாண்டி பெர்கர் ஆவணக் காப்பகத்திலிருந்தே தாள்களைத் திருடினார். 50 ஆயிரம் டாலரும் சமூக சேவையும். ஹிலாரி விஷயத்தில், மிகவும் கவனக்குறைவு என்று கோமி மேடை போட்டுத் திட்டினார், வழக்கு இல்லை என்று அதே மூச்சில் முடித்தார்.

“உள்நோக்கம் வேணும் பாஸ், சட்டம் அப்படி.” நண்பர்களின் அடுத்த வாதம் இது. சரி, உள்நோக்கம் முக்கியம்தான். ஆனால் அந்த டெவலப்பருக்கு என்ன உள்நோக்கம்? பிரமோஷன். பெட்ரேயஸுக்கு? தன் பெருமையைப் புத்தகமாக்குவது. இதில் எது தேசத்துக்குக் கெடுதல் நினைத்த மனம்? பெரிய வக்கீல் வைக்க முடிந்தவரின் நோக்கத்தை ஆராய்கிறார்கள். மற்றவர்களுக்குக் கோப்புகளை எண்ணுகிறார்கள்.

“எல்லாத்துக்கும் ரகசிய முத்திரை குத்தறாங்க, பாதி வெத்துக் காகிதம்” என்பது கொஞ்சம் வலுவான வாதம். உண்மையும்கூட. செனட்டர் மொய்னிஹன் தலைமையிலான குழு 1997-லேயே இதைக் கண்டித்து அறிக்கை கொடுத்தது. ஆனால் இந்த ஞானம் தலைவர்கள் மாட்டும்போது மட்டும் ஏன் வருகிறது? முத்திரைகள் அதிகம் என்றால் முத்திரைகளைக் குறையுங்கள். வெத்துக் காகிதத்துக்காக ஒரு ஊழியர் களி தின்னும்போது இந்த வாதத்தை எடுத்துக்கொண்டு யாரும் ஓடி வருவதில்லை.

2016-இல் ஹிலாரியைச் சிறையில் போடு என்று கோஷம் போட்டு வென்றவர் டிரம்ப். 2018 ஜனவரியில், அனுமதியின்றி ரகசிய ஆவணத்தை எடுத்துச் செல்வதற்கான உச்சத் தண்டனையை 1 வருடத்திலிருந்து 5 வருடமாக உயர்த்திய சட்டத்தில் கையெழுத்துப் போட்டவரும் அவரே. 40 குற்றச்சாட்டுகள் இருந்த அவருடைய சொந்த வழக்கு, அவர் நியமித்த நீதிபதியாலேயே 2024 ஜூலையில் தள்ளுபடியானது. தேர்தலில் ஜெயித்ததும் மேல்முறையீடும் போனது. விசாரணை என்று ஒன்று நடக்கவே இல்லை. 2025 மார்ச்சில் அவருடைய பாதுகாப்பு அமைச்சர் ஹெக்செத், யேமனில் எத்தனை மணிக்குக் குண்டு விழும் என்பதை சிக்னல் குரூப்பில் தட்டினார். அந்த குரூப்பில் ஒரு பத்திரிகை ஆசிரியரும் தவறுதலாகச் சேர்க்கப்பட்டிருந்தார். அமைச்சர் பதவிக்கு ஒன்றும் ஆகவில்லை. அதே ஆண்டு அக்டோபரில், டிரம்ப்போடு சண்டை போட்டுப் பிரிந்த போல்ட்டன் மீது ரகசியத் தகவல்களைச் சொந்த மெயிலில் அனுப்பியதாக 18 குற்றச்சாட்டுகள் பாய்ந்தன. அவர் தவறு செய்திருக்கலாம். ஆனால் எதிரிக்கு மட்டும் விழித்துக்கொள்ளும் சட்டத்தை எப்படி மதிப்பது?

ஆகவே நண்பர்களே, அடுத்த முறை “எல்லாரும்தான்” என்று ஆரம்பிக்கும்போது அந்த டெவலப்பரையும் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள். அவரும் எடுத்துப்போனவர்தான். அவருக்குக் கொடுத்ததைத் தலைவர்களுக்கும் கொடுக்கட்டும், அல்லது தலைவர்களுக்குக் காட்டிய கருணையை அவருக்கும் காட்டட்டும். இரண்டாவதுதான் நல்லது என்பேன். இரண்டுமே நடக்கவில்லை என்பதால்தான் இதை எழுதுகிறேன்.