அடிக்கல்லுக்கு முன்னாடி வரைபடத்தைக் காட்டுங்க!



தஞ்சாவூர்ல பிரசவம்னாலும் பச்சப்புள்ளைக்கு உடம்பு முடியலைன்னாலும் ஜனங்க வாயில முதல்ல வர்ற பேரு ராஜா மிராசுதார் ஆஸ்பத்திரி. ஒரத்தநாடு, பேராவூரணின்னு நடவு வயல்லேர்ந்து சேறு காயாத காலோட புள்ளையத் தூக்கிட்டு ஓடி வர்ற சனம் நம்ம சனம். டெல்டாவுக்குக் குழந்தைகளுக்கென்றே இன்னும் பெரிய மருத்துவமனை வேண்டும் என்று நாமும் கேட்கிறோம். ஆனால் எத்தனை மாடி, எத்தனை கோடி என்பதோடு பேச்சு முடிந்துவிடுகிறது. உள்ளே எப்படிக் கட்டப்போறீங்கன்னு யாரும் கேக்குறதில்ல.

கட்டிடமே பிள்ளைகளைக் கொல்லும் என்று இந்த மாவட்டத்துக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. 2004 ஜூலை 16, கும்பகோணம். 94 பிள்ளைகள். தீ மட்டுமா கொன்னுச்சு? ஓலைக் கூரையும் குறுகலான படிக்கட்டும் சேர்ந்துதான் கொன்னுச்சு.

பள்ளிக்கூடத்துப் பிள்ளையாவது எழுந்து ஓடும். இன்குபேட்டர்ல கிடக்குற சிசு? 2021 ஜனவரியில் மகாராஷ்டிராவின் பண்டாராவில் 10 சிசுக்கள். 2024 நவம்பரில் உத்தரப்பிரதேசத்தின் ஜான்சியில் அந்த ஒரே இரவில் 10 சிசுக்கள். இரண்டுமே அரசு மருத்துவமனைகளின் பச்சிளங்குழந்தைப் பிரிவுகள். ஆக்சிஜன் ஓடுகிற அறையில் தீ பிடித்தால் நிமிஷக் கணக்குதான். ஒரு நர்சம்மா ரெண்டு கையில எத்தனை குழந்தையத் தூக்க முடியும்? அதனால் அந்தப் பிரிவுக்கு எதிரெதிர்ப் பக்கம் இரண்டு வாசல் வேண்டும். தொட்டிலோடு அப்படியே உருட்டிக்கொண்டு போகிற அகலம் வேண்டும். மாடி என்றால் சாய்தளம் கட்டாயம். தீப்பிடிச்சா லிஃப்ட்டுல ஏறக் கூடாதுன்னு எல்லாருக்கும் தெரியும். அப்புறம் லிஃப்ட்டை மட்டும் நம்பி எப்படிக் கட்டுறது?

அடுத்தது அம்மாவுக்கான இடம். இன்குபேட்டர் போதாத கொலம்பியாவின் பொகோட்டா நகரத்தில் 1970-களின் கடைசியில் டாக்டர்கள் குறைப்பிரசவக் குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு சேர்த்துக் கட்டி வைத்தார்கள். உலகமே பின்பற்றும் கங்காரு பராமரிப்பு அங்கே பிறந்தது. எடை குறைந்த குழந்தைகளுக்குப் பிறந்த உடனேயே அதைத் தொடங்கச் சொல்லி 2022-ல் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்தது. ஆனா குழந்தை ஒரு மாடியில, அம்மா வேற மாடியிலன்னு கட்டிட்டா எந்த டாக்டர் என்ன பண்ண முடியும்? தொட்டிலுக்குப் பக்கத்தில் தாய்க்கு ஒரு கட்டில். இதை வரைபடத்திலேயே போட்டாகணும், அப்புறமாச் சேர்க்க முடியாது.

2018 நவம்பர் 16, கஜா. எத்தனையோ கிராமத்துல வாரக்கணக்குல கரண்ட் இல்ல. ஐப்பசி கார்த்திகையில தண்ணி எங்க நிக்கும்னு நம்ம ஊரு விவசாயியக் கேட்டா விரல நீட்டிக் காட்டுவாரு. ஜெனரேட்டரை அந்தத் தண்ணிக்கு மேலே வைக்கணும், தரைத்தளத்துப் பள்ளத்தில் அல்ல.

கூட வர்ற அப்பாயிக்கும் அம்மாச்சிக்கும் மரத்தடிதான் எழுதி வச்சிருக்கா? திண்ணையும் தாழ்வாரமும் முற்றமும் வச்சுக் கட்டின ஊருய்யா இது.

'நீங்க இருந்தப்போ செஞ்சீங்களா'ன்னு கேப்பாங்க. கேக்கட்டும். கல்வெட்டுல பேரு வரணும்னு காட்டுற அக்கறைய வரைபடத்துல காட்டாதது எல்லாக் கட்சிக்கும் பொருந்தும், நம்மையும் சேர்த்துதான்.

நம்ம கோரிக்கை இதுதான்: டெல்டாவில் எந்தக் குழந்தைகள் மருத்துவமனைக் கட்டிடமாக இருந்தாலும், டெண்டருக்கு முன்னால் அதன் வரைபடத்தைத் தமிழில் மக்கள் பார்வைக்கு வையுங்கள். அங்கே வேலை பார்க்கும் நர்சுகளையும், ஏற்கெனவே படுத்து எழுந்த தாய்மார்களையும் கூப்பிட்டுக் கேளுங்கள். தோழர்களே, உங்க ஒன்றியத்துல ஆஸ்பத்திரிக் கட்டிட வேலை எது நடந்தாலும் நேர்ல போய்ப் பாருங்க. ரெண்டாவது வாசல் எங்க இருக்குன்னு கேட்டு, வந்த பதிலைக் கீழே எழுதுங்க.

#ரெண்டாவது_வாசல்_எங்கே