வரவு கேட்காத வகுப்பறை

பலெர்மோவில் எம்மவர் பிள்ளைகள் பல்கலைக்கழக வாசலை மிதிக்கும் காலம் இது. 1980களில் இத்தீவுக்கு வரத் தொடங்கி, பெரும்பாலும் வீட்டு வேலையிலும் முதியோர் பராமரிப்பிலும் உழைத்துக் குடும்பங்களை நிலைநிறுத்திய தலைமுறைக்கு இது பெருமையே. ஆயினும் அப்பெருமையோடு ஒரு தவறான எண்ணமும் எம்மிடையே பரவியிருக்கின்றது. 'இங்கே கம்பஸுக்கு ஒவ்வொரு நாளும் போகத் தேவையில்லை' என்பதே அது.

இது முழுப் பொய்யன்று. ஆபத்தும் அதிலேதான் உள்ளது. இலங்கைப் பல்கலைக்கழகங்களில் பொதுவாக 80 வீத வரவு கேட்கப்படுகின்றது. பரீட்சைக்கு வராதவர் வைத்தியச் சான்றிதழ் கொடுத்தாக வேண்டும். இத்தாலியிலும் உயர்நிலைப் பள்ளி முடியும்வரை கண்டிப்பு உண்டு. ஆண்டின் மொத்த நேரத்தில் முக்கால் பங்கேனும் வகுப்பில் இருத்தல் வேண்டுமென 2009ஆம் ஆண்டின் ஆணை கூறுகின்றது. பல்கலைக்கழகத்தில் நுழைந்ததும் இக்கயிறு தளர்கின்றது. மருத்துவம், தாதியியல், ஆய்வுகூடப் பயிற்சி ஆகியவற்றில் வரவு கட்டாயம். சட்டம், இலக்கியம் போன்ற துறைகளில் பெரும்பாலும் அவ்வாறில்லை. ஒரு பரீட்சைத் தவணையைத் தவறவிட்டவர் அடுத்த தவணையில் தோற்றலாம். காரணம் கேட்பாரில்லை.

கேட்பாரில்லை என்பதால் கணக்கு இல்லையென்று ஆகிவிடாது. கணக்கு வேறிடத்தில் வைக்கப்படுகின்றது. 30 புள்ளிகளில் 18 பெற்றாலே சித்தி. பரீட்சைகளிற் பல வாய்மொழியானவை. பேராசிரியர் எதனை வலியுறுத்தினார் என்பதை அறியாதவர் அவர்முன் அமர்ந்து தடுமாறுவது இயல்பே. வருமானம் குறைந்த குடும்பத்துப் பிள்ளைகளுக்கான புலமைப்பரிசில் இரண்டாம் ஆண்டிலும் தொடர வேண்டுமாயின், ஆகஸ்ட் 10ஆம் திகதிக்குள் 25 கற்கை அலகுகள் கையில் இருத்தல் வேண்டும்.

மாணவர் விசாவில் தாயகத்திலிருந்து வருவோருக்கு இது வதிவிடப் பிரச்சினையுமாகும். 1999ஆம் ஆண்டின் குடிவரவு ஒழுங்குவிதிகளின்படி, அனுமதியைப் புதுப்பிக்க முதலாம் ஆண்டில் ஒரு பரீட்சையிலும், பின்னர் ஆண்டுதோறும் இரண்டிலும் சித்தியடைந்திருத்தல் வேண்டும். கடும் நோய் அல்லது தவிர்க்கவியலாத இடர் ஆவணங்களால் நிரூபிக்கப்பட்டால் ஒரு பரீட்சை போதும் என்ற சலுகையும் அங்கேயே உண்டு. விரிவுரைக்கு வராமைக்குக் காரணம் கேட்காத நாடு, பரீட்சையில் சித்தியடையாமைக்குக் காரணம் கேட்கின்றது. அகதி அந்தஸ்தோ குடும்ப அனுமதியோ உடையோரை இந்நிபந்தனை கட்டுப்படுத்தாது.

எம் பிள்ளைகள் வகுப்புக்குச் செல்லாதிருப்பது சோம்பலால் மட்டுமன்று. காலையில் தாயோடு வேலைக்குச் செல்கின்றனர். பொலிஸ் தலைமையகத்தின் குடிவரவுப் பிரிவிலும் வைத்தியசாலையிலும் பெற்றோருக்கு மொழிபெயர்க்கின்றனர். இவ்வுழைப்பை எந்தப் பதிவேடும் காட்டுவதில்லை. இதனைக் குறை கூறுவது எமது நோக்கமன்று. ஆனால் பிள்ளையின் விரிவுரை நேரம் குடும்பத்தின் ஓய்வு நேரம்போலக் கருதப்படுவதை நாம் நிறுத்த வேண்டும்.

சட்டம் தரும் வழிகளையும் நாம் பயன்படுத்துவதில்லை. வேலை செய்யும் மாணவர், பல்கலைக்கழக மாணவர் உட்பட, பரீட்சை நாளில் ஊதியத்துடன் விடுப்புப் பெறலாமென 1970ஆம் ஆண்டின் தொழிலாளர் சட்டம் கூறுகின்றது. பதிவில்லாத வேலையில் இருப்பவர் இவ்வுரிமையை எவரிடம் கேட்பார்? ஆதலால் ஒப்பந்தத்துடன் வேலை செய்வது படிப்புக்கும் காவலாகும். முழுநேரம் இயலாதோர் பகுதிநேரமாகப் பதியும் வழியுண்டா என்பதைத் தத்தம் பீடத்தில் ஆரம்பத்திலேயே விசாரித்தல் நன்று.

பலெர்மோப் பெற்றோரிடம் நாம் வேண்டுவது ஒன்றே. பிள்ளையிடம் 'இன்று வகுப்பு உண்டா?' என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். 'அடுத்த பரீட்சை எப்போது, அதுவரை உனக்கு எத்தனை காலைப் பொழுதுகள் வேண்டும்?' என்று கேளுங்கள். அக்காலைப் பொழுதுகளை விட்டுக்கொடுப்பதும் நாம் கொடுக்கும் சீதனந்தான்.