இரைச்சல் விசிறியில், கோளாறு எங்கே?

1950களின் நடுவில் கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு வந்த நாட்டின் முதல் கம்ப்யூட்டர் வால்வுகளால் இயங்கியது. ஒவ்வொரு வால்வும் சூட்டைக் கக்கும். இன்று எல்லாம் நகத்தளவு சிப்பில் அடங்கிவிட்டன. சூடு மட்டும் விடவில்லை.

சித்திரை வந்தால் கொல்கத்தா வீடுகளில் கம்ப்யூட்டர் விசிறி அலறுகிறது, வேலை மந்தமாகிறது. பழசாகிவிட்டது என்று உடனே புதிது வாங்கிவிடாதீர்கள். பிராசஸர் 100 டிகிரியை நெருங்கினால் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைத் தானே குறைக்கும். விசிறி எவ்வளவு சுழன்றாலும் அறைக்காற்றைவிட அதைக் குளிர்விக்க முடியாது. ஈரக்காற்றில் தூசு அப்பிக்கொண்டு, பிராசஸர் மேலுள்ள ஹீட்சிங்கின் இடுக்குகளை அடைத்துவிட்டால் அந்தக் காற்றும் நுழையாது.

மின் இணைப்பை எடுத்துவிட்டு, விசிறி சுழலாதபடி விரலால் பிடித்துக்கொண்டு, மென்மையான பிரஷ்ஷால் தூசு தட்டுங்கள். அப்படியும் சூடு குறையாவிட்டால், ஹீட்சிங்குக்கு அடியிலுள்ள பசை காய்ந்திருக்கலாம். துடைத்துவிட்டுப் பட்டாணி அளவு புதிதாக வைத்தால் போதும். சூடேறும் முன்பே கரகரவென்று சத்தம் வந்தால் தேய்ந்தது விசிறியின் பேரிங். விசிறியை மட்டும் மாற்றுங்கள். சாந்தினி மார்க்கெட்டில் கிடைக்கும். புதுக் கம்ப்யூட்டருக்கான பணம் மிச்சம்.